அச்சாரமும் அடைக்கலமும்

பெரம்பலூர்ச் சீமையில் செட்டிகுளத்தை அறியாத வெங்காய வியாபாரி இரார். குன்றின்மேல் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியையும், ஊருக்குள் கோயில் கொண்ட ஏகாம்பரேசுவரரையும் சேவிக்க வருகிறவர்களைப் போலவே, சின்ன வெங்காயம் வாங்க வருகிறவர்களும் அவ்வூருக்கு ஓயாமல் வந்து போகிறார்கள். கொல்லையில் பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு உலர்த்தி, தரையில் கல் பரப்பி, மூங்கிற் பிளாச்சும் தட்டியும் கொண்டு நீண்ட குறுகிய கூடுபோல் அடைத்து, மேலே கீற்று வேய்ந்து, காற்றுப் புகவும் மழை புகாமலும் காத்து வைப்பதற்குப் பட்டறை என்று பெயர். ஒருமுறை அத்தகைய பட்டறை ஒன்றின் அருகில் நின்றிருந்தபோது, வியாபாரி ஒருவர் தட்டியின் இடுக்கில் விரலை நுழைத்து ஒரு காயை எடுத்து, மேல்தோலை உரித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் திருப்தியடைந்தவராய், விலை பேசி முடித்து, மடித்த சில நோட்டுகளைக் குடியானவர் கையில் வைத்துவிட்டுப் போனார். குடியானவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மனைவியிடம் கொடுத்தார். முழுத் தொகையில் அது மிகச் சிறிய பங்கு; மூட்டை பிடித்து எடைபோடும் நாளில்தான் மீதி வரும்.

“அவர் திரும்பி வராமல் போய்விட்டால்?” என்று கேட்டேன்.

“போனா அச்சாரம் அவருக்குத்தானுங்களே நட்டம். குடுத்தவரு வருவாருங்க” என்றார்.

அந்த மறுமொழியைக் கேட்ட கணத்தில், சிறு வயதுமுதல் வேதாகமத்தில் எத்தனையோ தடவை வாசித்தும் உள்ளே இறங்காமல் நின்ற ஒரு சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. பரிசுத்த ஆவியானவரை விசுவாசியின் உள்ளத்தில் வைக்கப்பட்ட அச்சாரம் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருமுறையும் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் ஒருமுறையும் கூறுகிறார். மூலத்தில் அவர் எழுதிய ‘அர்ராபோன்’ என்ற சொல், கிரேக்கர்கள் கடல் வாணிகம் செய்த செமித்திய மக்களிடமிருந்து பெற்றுக்கொண்ட சந்தைச் சொல். அதற்கு நேராகத் தமிழில் மொழிபெயர்த்தவர்கள், ஆலயத்துச் சொல் எதையும் தேடாமல், நம் சந்தைச் சொல்லையே எடுத்து வைத்தார்கள். தெய்வம் தன் பங்கில் முன்பணம் கொடுத்திருக்கிறது. பின்வாங்கினால் நஷ்டம் கொடுத்தவருக்கே. ஆகையால் கொடுத்தவர் வருவார். கிறிஸ்தவ மார்க்கத்தார் இரட்சிப்பின் நிச்சயம் என்று வழங்கும் கோட்பாட்டின் வேர் இவ்வளவுதான். ‘நிச்சயம்’ என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. கலியாணத்துக்கு முன்னே தாம்பூலம் மாற்றிக்கொள்ளும் சடங்குக்கு அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

ஆனால் வேர் எளிது என்பதனால் கிளைகளும் எளியவை என்று கொள்ளலாகாது. ஒருமுறை பெற்ற இரட்சிப்பு என்றைக்கும் நிலைக்குமா, இடையில் இழந்துபோகக் கூடுமா, நிலைக்குமென்றால் அதை இப்பொழுதே அறிந்துகொள்ளத்தகுமா என்ற கேள்விகள் ஐரோப்பாவில் தேசங்களைப் பிரித்தன. தமிழ்நாட்டில், செட்டிகுளத்துக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஏடுகளாகவும் சுவடிகளாகவும் புறப்பட்டுத் தரங்கம்பாடி வரைக்கும் சென்று மோதின.

அந்தச் சிற்றூர் ஏலாக்குறிச்சி. அரியலூர்ப் பாளையத்து மழவராயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவ்வூரை இருப்பிடமாகக் கொண்டு பல ஆண்டுகள் தொண்டு புரிந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்டிலியோனே என்ற ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்து, 1710-இல் கோவையை, அதாவது போர்த்துகீசியரின் கோவாவை, அடைந்து, அங்கிருந்து தமிழகம் புகுந்த இவ்வேசுசபைத் துறவி, 1726-இல் தேம்பாவணியைப் பாடி முடித்தார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஏலாக்குறிச்சிக்கு அவர் இட்ட பெயர்களோ இங்கே நமக்கு அதிக முக்கியம். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். கோயிலில் எழுந்தருளச் செய்த கன்னிமரியாளுக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டார். காவல், அடைக்கலம்: இரண்டும் ஒரே கருத்தின் இரு முகங்கள்.

இத்தாலியிலிருந்து வந்தவர் இந்தச் சொற்களை எப்படித் தேர்ந்தார் என்று வியப்பவர்கள் அவர் எத்தகைய தமிழ் கற்றார் என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும். அடைக்கலம் என்பது நம் இலக்கியத்தில் வெறும் புகலிடத்தைக் குறிப்பதன்று. ஒருவர் மற்றொருவரிடம் காக்கக் கொடுத்த பொருளையும் குறிப்பது. சிலப்பதிகாரத்தில் இதன் பெயராலேயே ஒரு காதை இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கொடுத்த கணமுதல் பொறுப்பெல்லாம் வாங்கியவளுடையதாகிவிடுகிறது. பின்னர்க் கோவலன் மாண்டு கண்ணகியும் போனபின், அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி தீயில் பாய்ந்து உயிர்விட்டாள் என்று காப்பியம் சொல்கிறது. கண்ணகி தன்னைத் தான் காத்துக்கொள்ளவில்லையே என்று அங்கே எவரும் குறைகூறவில்லை. அடைக்கலத்தில் கேள்வி எப்பொழுதும் வாங்கியவரை நோக்கியே எழும். பவுல் தம் இறுதிக் காலத்தில், தாம் ஒப்படைத்ததைக் காக்க வல்லவர் இன்னார் என்று அறிந்திருப்பதாகத் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவர் மனத்தில் இருந்ததும் இந்த வழக்கமே; அந்நாளைய ரோமச் சட்டத்திலும் ஒப்படைப்புப் பொருளுக்குத் தனி விதிகள் இருந்தன.

அப்படியானால் ஏலாக்குறிச்சிக் கோயிலில் மண்டியிட்ட குடியானவருக்கு, தாம் நிச்சயமாய் மோட்சம் அடைவோம் என்று சொல்லிக்கொள்ள உரிமை இருந்ததா? இருந்ததில்லை. திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம், 1547-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் நடத்திய ஆறாம் அமர்வில், தெய்வம் தனியே வெளிப்படுத்தினாலன்றி, இறுதிவரை நிலைநிற்கும் பெரும் வரத்தைத் தாம் பெறுவோமென்று எவரும் தவறா உறுதியோடு சொல்லலாகாது என்று விதித்திருந்தது. வீரமாமுனிவர் கற்றதும் கற்பித்ததும் அதுவே. தம் மக்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த மாதா ஜெபத்தின் கடைசி விண்ணப்பம் இரண்டு நேரங்களுக்காக மட்டும் இறைஞ்சுகிறது: ஒன்று இந்த நேரம், மற்றொன்று மரிக்கும் நேரம். இடையிலுள்ள ஆண்டுகளைப் பற்றி அதில் பேச்சில்லை. கடைசி மூச்சு எப்படிப் போகுமோ என்ற அச்சத்தை ஒருநாளும் மறவாமல், ஆனால் அந்த அச்சத்தை ஒரு தாயின் மடியில் இறக்கி வைக்கும் ஏற்பாடு அது. இதை வெறும் பயமுறுத்தல் என்று தள்ளுவது நியாயமன்று. பஞ்சமும் படையெடுப்பும் பெரியம்மையும் மாறி மாறி வந்த அந்த நூற்றாண்டில் சாவு வாசலிலேயே நின்றது. அதற்கு எதிரே நம்பிக்கையை அன்றாடம் புதுப்பிக்கும் ஜெபத்தை மக்கள் விரும்பியதில் ஆச்சரியமில்லை. அரியலூர் மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவை நோயை இம்மாதாவின் அருளால் முனிவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்றும் அந்தப் பக்கத்தார் இன்றும் சொல்லுகிறார்கள்.

இதற்கு எதிர்க்குரல் கடற்கரையிலிருந்து வந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தர் சபைப் பாதிரியார் சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714-இல் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும், 1715-இல் முழுப் புத்தகத்தையும் அச்சேற்றினார். மார்ட்டின் லூத்தர் கற்பித்தபடி, மனிதன் தன் கிரியையினால் அன்றி விசுவாசத்தினால் மாத்திரம் நீதிமானாகிறான் என்றும், தெய்வத்தின் வாக்கைப் பற்றிக்கொண்டவன் தன் இரட்சிப்பைப் பற்றிச் சந்தேகத்திலேயே உழன்றுகொண்டிருக்க வேண்டியதில்லை என்றும் அந்தச் சபையார் போதித்தார்கள். அந்த அச்சுப் புத்தகம் கடற்கரையில் நின்றுவிடவில்லை. தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் கையில் அது போய்ச் சேர்ந்தது. அவர் அதை வாசித்து வாசித்து, 1728-ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடியாரோடு சேர்ந்து, பின்னர் 1771-இல் இறக்கும் வரையில் தஞ்சைப் பக்கத்தில் உபதேசியாராக உழைத்தார். குருவின் வாயிலிருந்து கேட்டறிந்த வாக்கைத் தன் விரலாலேயே வரிவரியாகத் தொட்டுப் படிக்கலாம் என்பதே அன்றைய சேவகர் ஒருவருக்கு எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும்! நிச்சயம் என்பது அவர்களுக்கு முதலில் காகிதத்தின்மேல் வந்தது.

தம் மந்தையில் இவ்வாறு ஆடுகள் பிரியக் கண்ட வீரமாமுனிவர் சும்மா இருக்கவில்லை. 1728-இல் வேத விளக்கம் எழுதினார். பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்ற கண்டன நூல்களும் எழுதினார். தரங்கம்பாடியாரின் தமிழைக் கடிந்து பேசுவதிலும் அவர் தயங்கவில்லை. தேம்பாவணியின் தேனை உண்டவர்களுக்கு இந்நூல்களின் காரம் சற்றுத் துயரமாகவே இருக்கும். ஆனால் தமிழ் உரைநடை தத்துவ வாதத்துக்குப் பழகியதில் இந்தச் சண்டைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஒரு தரப்பாருக்கு நிச்சயமின்மை நரகம். மற்றத் தரப்பாருக்கு நிச்சயம் என்பதே அகங்காரத்தின் முதற்படி. இரு சாராரும் ஒரே ஆத்துமாவின் நன்மைக்காகத்தான் வாதாடினார்கள் என்று நான் உள்ளபடியே நம்புகிறேன்.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெளிவாக்க வேண்டும். ஏனெனில் பலரும் இதில் குழம்புகிறார்கள். லூத்தர் சபையார் நிச்சயத்தைப் போதித்தார்களே ஒழிய, ஒருமுறை விசுவாசித்தவன் விழவே மாட்டான் என்று போதிக்கவில்லை. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பாரைப் பன்னிரண்டாம் பிரிவில் கண்டிக்கிறது. விழமுடியாது என்ற கடைசி எல்லைக்குப் போனவர்கள் கால்வினைப் பின்பற்றிய சபையார். ஹாலந்து தேசத்து டோர்ட் நகரில் 1618-19-இல் கூடிய சங்கம் தீர்மானித்த ஐந்து தலைப்புகளில் கடைசித் தலைப்பு, தெரிந்துகொள்ளப்பட்டவர்களைத் தெய்வம் இறுதிவரை நிலைநிற்கச் செய்யும் என்பது. அந்த ஹாலந்து தேசத்தார்தாம் 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தவர்கள். ஆக, பதினெட்டாம் நூற்றாண்டின் தமிழ்க் கடற்கரையில் தெற்கே நாகப்பட்டினத்தில் ஒரு விடையும், சில காத தூரம் வடக்கே தரங்கம்பாடியில் ஒரு விடையும், கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் மற்றொரு விடையுமாக ஒரே வினாவுக்கு மூன்று விடைகள் நிலவின.

இவர்கள் எவரும் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, செட்டிகுளத்திலிருந்து தெற்கே ஒரு நாள் நெடுநடையில் அடையத்தகும் ஸ்ரீரங்கத்தில் இதே வினா எழுந்து, வைணவ சமயத்தை வடகலை தென்கலை என்று இரண்டாகப் பகுத்ததைத் தமிழர் மறக்கலாகாது. தாய்க்குரங்கின் வயிற்றைக் குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்ள, தாய் கிளைக்குக் கிளை தாவுகிறது. தாய்ப்பூனையோ ஒன்றுமறியாத குட்டியை வாயால் கவ்விச் செல்கிறது. சரணாகதி செய்த ஜீவன் குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா? வேதாந்த தேசிகரைப் பின்பற்றுவோர் முதலாவதையும், பிள்ளை லோகாசாரியாரைப் பின்பற்றுவோர் இரண்டாவதையும் சொல்வார்கள். ஆனால் சரண் புகுந்தவன் இனித் தன்னைப்பற்றிய கவலையை விட்டு மார்பிலே கைவைத்து உறங்கலாம் என்பதில் இரு கலையாருக்கும் வேற்றுமை இல்லை. 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின்மேல் வந்தபோது, முதுமையில் தளர்ந்திருந்த பிள்ளை லோகாசாரியார் நம்பெருமாளைத் தாம் சுமந்து தெற்கே சென்று வழியிலேயே பரமபதித்தார் என்பது சம்பிரதாயம். சுமக்கப்படுகிறவன் ஜீவன் என்று வாழ்நாளெல்லாம் போதித்தவர், முடிவில் சுமந்தவராய்ச் சென்றார். ருடால்ஃப் ஓட்டோ என்னும் ஜெர்மானிய இறைநூற் பேராசிரியர் 1930-இல் வெளியிட்ட நூலொன்றில் இந்தப் பூனை குரங்கு வாதத்தைக் கிறிஸ்தவக் கிருபைக் கோட்பாட்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். தரங்கம்பாடிக்கும் ஏலாக்குறிச்சிக்கும் நடந்த வாதத்தைக் கேட்ட தமிழ்க் குடிகளுக்கு, அதன் சாரம் முற்றும் அந்நியமாகத் தோன்றியிராது என்றே எண்ணுகிறேன்.

இவ்விரு ஆறுகளும் ஒருவர் உள்ளத்தில் கலந்ததற்குச் சாட்சி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனையும் பிரபந்தத்தையும் ஊனோடு கலந்து வளர்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற அவர், ஜான் பனியன் 1678-இல் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். பனியன் டோர்ட் வழியில் நின்றவர்; ஆயினும் அவர் கதையின் முடிவிலே, பரம நகரத்தின் வாசலுக்கு அருகிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அறியாமையையே பெயராகக் கொண்ட பாத்திரம், கையில் அத்தாட்சிச் சீட்டு இல்லாமலே தைரியமாய் நதியைக் கடந்து வாசல்வரை வந்து, அங்கிருந்து அவ்வழியே தள்ளப்படுகிறான். தான் காப்பாற்றப்பட்டுவிட்டதாக ஒருவன் உரக்கச் சொல்லிக்கொள்வதற்கும், உண்மையில் காப்பாற்றப்பட்டிருப்பதற்கும் உள்ள தூரத்தைப் பனியன் அளவுக்குக் கண்டிப்பாகக் காட்டியவர்கள் குறைவு. பிற்காலத்துக் கூட்டங்களில், ‘இரட்சிக்கப்பட்டீர்களா? எந்தத் தேதியில்?’ என்று கேட்டு, தேதி சொல்லத் தெரியாதவர்களைக் கலங்கச் செய்கிற வழக்கம் வந்தபோது இந்தக் கண்டிப்பு பலருக்கு மறந்துபோயிற்று. அச்சாரத்தின் தேதி மறந்தாலும் அச்சாரம் அச்சாரமே. தேதியை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு பட்டறையைக் கவனியாமல் விட்டவனுக்கோ, மூட்டை பிடிக்கும் நாளில் அழுகல்தான் மிஞ்சும்.

பிறகு நடந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, டோர்ட் வழிவந்த பிரெஸ்பிட்டேரியரும், விசுவாசி விழக்கூடும் என்று 1751-இல் தனி நூலே எழுதிய ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தர் சபையாரும் கையொப்பமிட்ட கூட்டுப் பிரகடனத்தில் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றியே ஒரு பகுதி இருக்கிறது; மனிதன் தன் பலவீனத்தைக் கண்டு அஞ்சினாலும் தெய்வத்தின் வாக்கை நம்பித் தேறலாம் என்று இரு சாராரும் அதில் ஒப்புகிறார்கள். வேத விளக்கம் எழுதப்பட்டு 271 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோட்பாட்டைப் பற்றி இவ்வளவு சொன்னபின்னும், நான் அதைக் கண்ணால் கண்ட இடம் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும், பின் 1778 முதல் தஞ்சையிலும் தொண்டு செய்த சுவார்ட்ஸ் ஐயர் தரங்கம்பாடி மரபில் வந்தவர். தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-இல் மரணத் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில் ஒப்படைத்தார். மராட்டிய அரசர் ஒருவர், தம் மதத்தவரல்லாத ஒரு பாதிரியாரிடம், தம் குலத்தின் கொழுந்தை அடைக்கலம் வைத்தார். சிற்றப்பனாகிய அமர்சிங் ஆட்சிக்கு வந்து பிள்ளையை அடைத்து வைத்து வருத்தியபோது, சுவார்ட்ஸ் சென்னைக் கும்பினியாருக்கு முறையிட்டார். 1793-இல் பிள்ளை சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பாதுகாப்பாக வளர்ந்தான். உரிமை அவனுடையதே என்று நிலைநாட்டப்படும் வரை முதியவர் ஓயவில்லை. 1798 பிப்ரவரி 13-ஆம் நாள் அவர் இறந்தார். மரணப் படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் அவருக்குப் பிரியமான கீர்த்தனையைப் பாடத் தொடங்க, மூச்சு அடங்கிவிட்டதென்று எண்ணப்பட்டவர் தாமும் சேர்ந்து பாடினார் என்று உடனிருந்தோர் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார்.

சரபோஜி தம் மதத்தை விடவில்லை. தம் காவலரை மறக்கவும் இல்லை. ஜான் ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு வெண்சலவைக் கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்து, தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் நிறுவினார். அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். கட்டிலின்மேல் முதியவர் சாய்ந்திருக்கிறார். தலைமாட்டில் மற்றொரு பாதிரியார் நிற்கிறார். காலருகே சில சிறுவர்கள். தலைப்பாகை தரித்த இளவரசர் முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். ஒருகாலத்தில் எந்தக் கை எந்தக் கையைப் பிடித்திருந்தது என்பதை அறிந்தவர்கள், அந்தக் கல்லின் முன்னே நெடுநேரம் பேசாமல் நிற்கிறார்கள்.